ஓய்வுக் காசு 80 இலட்சம்: வங்கியா, வாடகை அனெக்ஸா, விடுதியா?

"பிள்ளை, எதுக்கு வரி குறைவு? அதை மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

சீனன்குடாவில் ஓர் ஆலையில் வாழ்நாள் முழுக்க உழைத்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் என்னிடம் இப்படித்தான் கேட்டார். ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் சேர்ந்து கையில் ஏறக்குறைய 80 இலட்சம் ரூபாய். மூத்த மகன் வங்கியில் நிலையான வைப்பில் போடச் சொல்கிறான். மனைவிக்குப் பாலையூற்று வீட்டின் பின்வளவில் இரண்டு அனெக்ஸ், அதாவது தனி வாசல் உள்ள சின்ன வீடு, கட்டி வாடகைக்கு விட ஆசை. மச்சான் உப்புவெளியில் சின்ன விடுதி நடத்துகிறார். "வாங்கோ அத்தான், ரெண்டு பேரும் சேர்ந்து பெருப்பிப்பம்" என்கிறார்.

திருகோணமலையில் சிறு கடைகளுக்கும் விடுதிகளுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். தொகை கூடும் குறையும், கேள்வி மட்டும் ஒன்றுதான். ஐயாவுக்கு நான் சொன்ன முதல் பதில்: வங்கியிலும் வாடகையிலும் உங்களுக்கு வருமான வரி பூச்சியம், விடுதியிலும் தொடக்க வருடங்களில் அநேகமாகப் பூச்சியம்தான். அவர் நம்பவில்லை. வங்கி அறிக்கையில் வட்டியில் 10 வீதம் கழிபட்டிருப்பதை அவரே கண்ணால் பார்த்திருக்கிறார். பிறகு எப்படிப் பூச்சியம்?

அவர் பார்த்ததும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் ஊர் ஓய்வூதியக்காரர் கனபேரின் காசு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் இதை விரித்து எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

"வரி" என்றதும் எல்லோரும் வருமான வரியைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் காசைப் போடும்போது ஒரு வரி, காசு வரும்போது ஒரு வரி, விற்றுவிட்டு வெளியே வரும்போது ஒரு வரி என்று மூன்று இடங்களில் அரசாங்கம் நிற்கிறது. மூன்று வழிகளையும் இந்த மூன்று இடங்களிலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

அதோடு இன்னும் இரண்டு. ஒன்று, கடதாசி வேலை: படிவம், பதிவு, கணக்கு, தவணை. 60 வயதில் யார் இதைச் செய்யப் போகிறார்கள் என்பது சின்னக் கேள்வி இல்லை. மற்றது, விதி மாறினால் எது தாங்கும் என்பது. எங்கள் நாட்டில் இதை நான் முதல் இடத்திலேயே வைப்பேன். தனிநபர் நிவாரணம், அதாவது ஒருவரின் வருட வருமானத்தில் வரி இல்லாத பகுதி, 2020 இல் 30 இலட்சமாக இருந்தது. 2023 ஜனவரியில் 12 இலட்சமாக இறங்கியது. 2025 ஏப்ரலில் 18 இலட்சமாக ஏறியது. பொருள் விலைக்குள் சேர்ந்து வரும் வற் வரி 2019 டிசம்பரில் 8 வீதமாகக் குறைந்தது. 2022 இலேயே 12, பிறகு 15. 2024 ஜனவரியில் 18. வட்டியில் பிடிக்கும் வரி 2020 இல் இல்லாமல் போய், 2023 இல் 5 வீதமாக வந்து, 2025 ஏப்ரலில் 10 வீதமானது. 2019 இன் வரிக் குறைப்பு, 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உடன்படிக்கை எல்லாம் இந்த எண்களுக்குள் இருக்கின்றன. இன்றைய வீதத்தை மட்டும் நம்பி 15 வருடத்துக்குத் திட்டம் போட முடியாது.

## முதலில் உங்கள் 18 இலட்சத்தை எண்ணுங்கள்

2025 ஏப்ரல் 1 முதல் ஒருவருக்கு வருடம் 18 இலட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். பிறகு ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 வீதம். மிச்சம் எல்லாவற்றுக்கும் 36 வீதம். வரி வருடம் ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடியும். இந்தக் கட்டுரையில் உள்ள கணக்கெல்லாம் இந்த வீதங்களில் போட்டவை.

கணவனும் மனைவியும் வரிக்குத் தனித்தனி ஆட்கள். இருவருக்கும் தனித்தனி 18 இலட்சம் உண்டு. எங்கள் ஊரில் காசு முழுவதும் ஐயாவின் பேரிலேயே கிடக்கும், அம்மாவின் 18 இலட்சம் ஒருநாளும் பாவிக்கப்படாமல் போய்விடும். தொகை சிறிதாக இருக்கும்வரை இதனால் நட்டம் இல்லை. பெரிதாகும்போது தெரியும்.

அரசாங்கப் பென்சன் எடுப்பவருக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. அரசு கொடுக்கும் ஓய்வூதியத்துக்கு வருமான வரி விலக்கு. அது இந்த 18 இலட்சத்தைத் தொடவே தொடாது. ஓய்வு பெற்ற ஆசிரியர், கச்சேரி உத்தியோகத்தர், தபால்காரர் போன்றவர்களுக்கு மாதம் 70,000 பென்சன் வந்தாலும் அதற்கு மேல் 18 இலட்சம் வட்டியோ வாடகையோ வரியில்லாமல் எடுக்கலாம்.

தனியார் துறையில் இருந்தவருக்கு மாதாந்தப் பென்சன் இல்லை. 8 வீதம் தன் சம்பளத்திலிருந்து, 12 வீதம் முதலாளியிடமிருந்து என்று சேர்ந்த சேமலாப நிதியும், முதலாளி மட்டும் கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதியும், ஒவ்வொரு வருட சேவைக்கும் அரை மாதச் சம்பளமாகக் கிடைத்த பணிக்கொடையும்தான் கையிருப்பு. அதனால்தான் "எங்கே போடுவது" என்ற கேள்வி அவருக்கு இவ்வளவு பாரமாக இருக்கிறது. ஆசிரியர் தவறான முடிவெடுத்தால் பென்சன் தாங்கும். ஆலைத் தொழிலாளியைத் தாங்க ஒன்றும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகும் ஒப்பந்தத்தில் வேலைக்குப் போகிறவர் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். மாதம் ஒன்றரை இலட்சம் சம்பளம் என்றால் அதுவே 18 இலட்சத்தை நிரப்பிவிடும். அதற்கு மேல் வருகிற வட்டி, வாடகை ஒவ்வொரு ரூபாயும் வரிக்குள் வரும்.

## வழி 1: வங்கியில் நிலையான வைப்பு

போடும்போது ஒரு வரியும் இல்லை. முத்திரை வரி, நொத்தாரிசு, மேசன் எதுவும் இல்லை. இதுதான் இதன் பெரிய பலம்.

80 இலட்சத்துக்கு 8 வீதம் வட்டி என்று வைத்தால் வருடம் 6,40,000 ரூபாய். ஐயாவுக்கு வேறு வருமானம் இல்லை. 18 இலட்சத்துக்கு மிகக் கீழே நிற்கிறார். ஆனால் வங்கிக்கு அது தெரியாது. சட்டப்படி வட்டியில் 10 வீதத்தை முற்பண வருமான வரியாகப் பிடித்து அனுப்பிவிடும். வருடம் 64,000 ரூபாய். மாதக் கணக்கில் 53,000 சொச்சம் வரவேண்டிய இடத்தில் 48,000 வரும்.

இதை நிறுத்த ஒரு பக்கப் படிவம் போதும். "என் வருட மதிப்பிடத்தக்க வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது" என்ற சுயபிரகடனம். அதைக் கொடுக்க வரி செலுத்துனர் அடையாள இலக்கம், எல்லோரும் டின் நம்பர் என்று சொல்வது, எடுத்திருக்க வேண்டும். டின் நம்பர் எடுத்தால் வரிக்காரர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்ற பயம் எங்கள் ஆட்களிடம் நிறைய. உண்மையில் அந்த இலக்கம் இல்லாததால்தான் இவர்களுடைய காசு போகிறது. படிவம் ஒவ்வொரு வரி வருடத்துக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். போன வருடம் கொடுத்தேன் என்று இருந்துவிடக் கூடாது. இரண்டு வங்கியில் வைப்பு இருந்தால் இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டும்.

என் சொந்தப் பெரியப்பாவுக்கு ஒரு வருடம் முழுக்க வரி கழிபட்டது. வங்கியில் ஒருவரும் அவரிடம் இந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கணக்கு எழுதுகிற நான் பக்கத்துத் தெருவில் இருந்தும் கவனிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் மனவருத்தம். பிடித்த காசைத் திருப்பி எடுக்கலாம். வருமான வரி விபரத்திரட்டை நவம்பர் 30 க்குள் அனுப்பி மீளளிப்புக் கேட்க வேண்டும். கிடைக்கும். ஆனால் 70 வயதுக்காரரை அந்த வேலைக்கு அலைய விடுவது எவ்வளவு பெரிய சுமை என்று கூட நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

18 இலட்சத்தைத் தாண்டியவர்களும் இதைக் கவனியுங்கள். ஒப்பந்த வேலையில் 18 இலட்சம் சம்பளமும், மேலே சொன்ன 6,40,000 வட்டியும் உள்ளவருக்கு அந்த வட்டிக்கு உண்மையான வரி 6 வீதம், அதாவது 38,400 ரூபாய். வங்கி பிடித்தது 64,000. வித்தியாசம் 25,600 அவருடைய காசு. விபரத்திரட்டு அனுப்பாவிட்டால் அது திரும்பி வராது.

வைப்பின் மறைந்த செலவு இரண்டு. முதலாவது விலைவாசி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டி ஒரு வருடத்தில் ஏறக்குறைய 70 வீதம் ஏறியிருந்தது. அதற்கு முதல் வருடம் ஒற்றை இலக்க வட்டியில் காசைக் கட்டிவைத்தவர்கள் தங்கள் வாழ்நாள் சேமிப்பின் பெறுமதி கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு யாரும் பற்றுச்சீட்டு தருவதில்லை, ஆனால் எந்த வரியையும் விட அதிகம் எடுத்தது இதுதான். இரண்டாவது, காப்புறுதி வரம்பு. வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் ஒரு நிறுவனத்தில் ஓர் ஆளுக்கு 11 இலட்சம் ரூபாய் வரைதான் பாதுகாப்பு. இரண்டு வீத வட்டி கூடத் தருகிறார்கள் என்று சின்ன நிதிக் கம்பனியில் முழுத் தொகையையும் போடுகிறவர்களுக்கு நான் மன்றாடிச் சொல்வது: 2020 இல் மத்திய வங்கி சில நிதிக் கம்பனிகளின் அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்தது. அதை மறந்துவிடாதீர்கள்.

## வழி 2: பின்வளவில் இரண்டு அனெக்ஸ்

வாடகைக்கு எங்கள் ஊரில் ஆள் இருக்கிறது. மாகாணசபை அலுவலகங்கள் இங்கே இருப்பதால் மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து மாற்றலாகி வரும் உத்தியோகத்தர் வீடு தேடுவார்கள். கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. உவர்மலை, பாலையூற்று, லிங்கநகர்ப் பக்கம் சுத்தமான அனெக்ஸ் அதிக நாள் காலியாகக் கிடப்பதை நான் பார்த்ததில்லை.

வாடகை வருமானத்துக்கு வரிச் சட்டம் ஒரு நல்ல சலுகை கொடுக்கிறது: மொத்த வாடகையில் 25 வீதத்தைத் திருத்தம், தேய்மானத்துக்கு என்று பற்றுச்சீட்டே இல்லாமல் கழிக்கலாம். அதாவது வாடகை மட்டுமே வருமானமாக உள்ளவர் வருடம் 24 இலட்சம் வரை எடுத்தாலும் வரி இல்லை: 6 இலட்சம் இந்தச் சலுகையில் போகும், 18 இலட்சம் நிவாரணத்தில் போகும். மாதம் 2 இலட்சம் வாடகை. ஐயாவின் இரண்டு அனெக்ஸும் 60,000 தாண்டாது. ஒரே குடியிருப்பாளர் மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்தால்தான் அவர் 10 வீதத்தைப் பிடித்து அனுப்ப வேண்டும். கம்பனிக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ முழு வீட்டையும் கொடுப்பவர்களுக்கு இது பொருந்தும், அனெக்ஸுக்கு இல்லை.

சரி, அப்படியென்றால் வரி எங்கே? கட்டடத்துக்குள்.

ஐயாவின் மேசன் 65 இலட்சம் என்று கணக்குப் போட்டிருந்தார். அதில் சீமெந்து, கம்பி, ஓடு, தரை ரைல்ஸ், வயர், பைப், குளியலறைச் சாமான் என்று பெரிய கடைகளில் வாங்குபவை மட்டும் 25 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்த விலைக்குள் 18 வீத வற் வரி இருக்கிறது. 25 இலட்சத்தில் ஏறக்குறைய 3,81,000 ரூபாய். இறக்குமதியாளரிடமும் உற்பத்தியாளரிடமும் அறவிடும் 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் விலைக்குள் கலந்து வரும், அதைப் பிரித்துப் பார்க்கக்கூட முடியாது. வற்றுக்குப் பதிந்த பெரிய கம்பனி கட்டினால் தான் கட்டிய வற்றைக் கழித்துக்கொள்ள வழி உண்டு. பாலையூற்று ஐயாவுக்கு இல்லை. மாதம் 60,000 என்று வந்தால் முதல் ஆறு மாதத்துக்கும் மேலான வாடகை அந்த ஒரு வரியை மீட்கவே சரியாகப் போகும்.

இதனால்தான் "எதுக்கு வரி குறைவு" என்ற கேள்விக்கு வருமான வரியை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. பணக்காரரும் ஓய்வூதியக்காரரும் சீமெந்துக் கடையில் ஒரே வரிதான் கட்டுகிறார்கள். எங்கள் நாட்டில் குறைந்த வருமானக்காரரின் உண்மையான வரி அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு காணி வாங்கிக் கட்டுவதானால் நிலைமை மோசம். உறுதி எழுதும்போது முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 50 இலட்சக் காணிக்கு 1,99,000 ரூபாய், நொத்தாரிசுக் கூலி வேறு. பிறகு விற்கும்போது இலாபத்தில் 15 வீதம் மூலதன ஆதாய வரி. 2025 மார்ச் வரை இது 10 வீதமாக இருந்தது. நீங்கள் மூன்று வருடம் சொந்தமாக வைத்து, அதில் இரண்டு வருடமாவது குடியிருந்த பிரதான வீடென்றால் விலக்கு உண்டு. 2017 செப்டெம்பர் 30 க்கு முன்னரே உங்களிடம் இருந்த சொத்தென்றால் அன்றைய சந்தைப் பெறுமதியிலிருந்துதான் இலாபத்தைக் கணக்கிட வேண்டும், அப்பா வாங்கிய பழைய விலையிலிருந்து இல்லை. இதைத் தெரியாமல் கூட வரி கட்டுகிறவர்கள் உண்டு.

சொந்த உறுதி உள்ள காணியா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா என்பதையும் கட்டத் தொடங்கும் முன் பார்த்துவிடுங்கள். எங்கள் மாவட்டத்தில் அனுமதிப்பத்திரக் காணி நிறைய. அதில் எவ்வளவு அழகாகக் கட்டினாலும் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. வரியால் வரும் நட்டத்தைவிட இது பெரிய நட்டம்.

சபைக்குக் கட்டும் சோலை வரி கட்டடம் கூடினால் கூடும். அது சின்னத் தொகைதான். ஆனால் வீட்டின் மீதான தேசிய வரி பற்றிய பேச்சு ஓயவில்லை; சொந்த வீட்டுக்கு உத்தேச வாடகை கணித்து வரி போடும் யோசனை 2024 இல் பெரிய விவாதமாக இருந்தது. வைப்பை வேறு வங்கிக்கு மாற்றலாம், கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்த வகையில் விதி மாறினால் தப்ப வழியில்லாமல் நிற்பது அசையாச் சொத்துத்தான்.

அப்படியிருந்தும் எனக்கு இந்த வழியில் மதிப்பு உண்டு. விலைவாசி ஏறினால் வாடகையும் ஏறும். 2022 இல் கரையாமல் நின்றது கட்டடம்தான்.

## வழி 3: மச்சானோடு விடுதி

இதில்தான் உண்மையான இலாபமும் உண்மையான ஆபத்தும். கிழக்குக் கரையில் சீசன் ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் மட்டும். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் உப்புவெளி, நிலாவெளிக் கடல் கொந்தளிக்கும், புறாத்தீவுக்குப் படகு ஓடாது, அறைகள் பூட்டிக் கிடக்கும். ஆறு மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் ஓட்ட வேண்டும். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அடுத்த வருடம் கொரோனா, 2022 இல் எரிபொருள் வரிசை என்று மூன்று சீசன் பறிபோனதை உப்புவெளியில் விடுதி வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள்.

வரிப் பக்கம் வந்தால், எந்த உருவில் நடத்துகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "கம்பனியாப் பதிஞ்சா மரியாதை" என்று மச்சான் சொன்னாராம். வருடம் 30 இலட்சம் இலாபம் வந்தால் என்ன ஆகும் என்று ஐயாவுக்கு எழுதிக் காட்டினேன்.

| உரு | 30 இலட்சம் இலாபத்தில் வரி |
|---|---|
| தனி உரிமையாளர், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு | முதல் 18 இலட்சத்துக்கு இல்லை. 10 இலட்சத்துக்கு 60,000. 2 இலட்சத்துக்கு 36,000. மொத்தம் 96,000 |
| கம்பனி, இலாபம் முழுவதையும் பங்கிலாபமாக எடுத்தால் | கம்பனிக்கு 30 வீதம் 9,00,000. மிச்சம் 21 இலட்சத்தில் பங்கிலாபத்துக்கு 15 வீதம் 3,15,000. மொத்தம் 12,15,000 |
| கம்பனி, ஒருவர் மாதம் 1,50,000 இயக்குநர் சம்பளம் எடுத்தால் | சம்பளத்துக்கு வரி இல்லை. மிச்சம் 12 இலட்சத்துக்கு 30 வீதம் 3,60,000. அதைப் பங்கிலாபமாக எடுத்தால் இன்னும் 1,26,000 |

வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. 2022 ஒக்டோபருக்கு முன்னர் சிறிய, நடுத்தரக் கம்பனிகளுக்கு 14 வீதம் என்ற சலுகை இருந்தது. அந்தக் காலத்தில் கம்பனி என்பது நல்ல யோசனை. இப்போது பொதுவான வீதம் 30. சலுகை போனது தெரியாமல் இன்றும் பழைய ஆலோசனையைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கடன் பொறுப்பு உங்கள் வீட்டைத் தொடாமல் இருக்க வேண்டும், வெளியாரிடம் முதலீடு வாங்க வேண்டும் என்றால் கம்பனிக்கு நியாயம் உண்டு. எட்டு அறை விடுதிக்கு மரியாதைக்காக என்றால் இல்லை.

பங்குடமையாக நடத்தினால் இலாபம் இரண்டு பேரின் கணக்கில் பிரியும், இருவருக்கும் தனித்தனி 18 இலட்சம் இருக்கும். பங்குடமைக்கென்று தனி விபரத்திரட்டு போட வேண்டும். அத்தான், மச்சான் உறவென்றாலும் பங்கு உடன்படிக்கையை எழுத்தில் வையுங்கள். உறவு முறியாமல் இருப்பதற்கே அது வேண்டும்.

ஆள் வைத்தால் இன்னொரு செலவு. ஒரே ஒரு வேலையாள் என்றாலும் சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முதலாளி கட்ட வேண்டும். இரண்டு பேருக்கு 35,000 வீதம் சம்பளம் என்றால் மாதம் 10,500. சீசன் இல்லாத மாதத்திலும் சம்பளம் கொடுத்தால் இதுவும் உண்டு. பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை போகும். இதை ஒரு தொல்லையாக ஐயா பார்க்கவில்லை. "என்ர முதலாளி கட்டினபடியால்தானே இண்டைக்கு நான் உன்னட்டை வந்து இருக்கிறன்" என்றார். அந்த வார்த்தைக்காகவே அவர் மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

வற் வரிப் பதிவு இந்த அளவு விடுதிக்குத் தேவைப்படாது. 2025 இல் வருட விற்பனை 6 கோடி தாண்டினால்தான் கட்டாயம் என்று இருந்தது. ஆனால் கடை போட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். 2026 க்கான வரவு செலவுத் திட்டத்தில் இந்த எல்லையை 3 கோடி 60 இலட்சமாக இறக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. மாதத்துக்கு 30 இலட்சம், நாளுக்கு ஒரு இலட்சம் விற்பனை. நகரத்தில் நன்றாக ஓடும் பலசரக்குக் கடைக்கு நாளுக்கு ஒரு இலட்சம் பெரிய தொகை இல்லை, ஆனால் அதில் நிற்கும் இலாபம் சொற்பம். வற்றுக்குள் போனால் கணக்கு, கணினி, கணக்காளர் என்று செலவு தொடரும். பலசரக்குக் கடை தொடங்குபவர் இலாபத்தைவிட விற்பனைத் தொகையைத்தான் இந்த எல்லையோடு ஒப்பிட வேண்டும்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | வங்கி வைப்பு | பின்வளவு அனெக்ஸ் | விடுதி |
|---|---|---|---|
| போடும்போது | ஒன்றும் இல்லை | சாமான் விலைக்குள் 18 வீத வற். காணி வாங்கினால் முத்திரை வரி | பதிவு, அனுமதிப்பத்திரம், திருத்த வேலைச் சாமானில் வற் |
| வருடாவருடம் | படிவம் கொடுத்தால் 0. கொடுக்காவிட்டால் 64,000 பிடிபடும் | 0 | இலாபத்தைப் பொறுத்தது. ஆளுக்கு 15 வீத நிதிக் கொடுப்பனவு |
| வெளியேறும்போது | ஒன்றும் இல்லை | பிரதான வீடென்றால் விலக்கு, வேறு சொத்தென்றால் இலாபத்தில் 15 வீதம் | போட்ட காசு திரும்ப வருமா என்பதே கேள்வி |
| கடதாசி வேலை | வருடம் ஒரு படிவம் | குறைவு | மாதாமாதம் |
| பெரிய ஆபத்து | விலைவாசி | வரி விதி மாற்றம், காணியின் தன்மை | பருவமழை, நாட்டு நிலைமை, உறவு |

வருமானத்தையும் பார்த்துவிடுவோம். வைப்பில் 80 இலட்சத்துக்கு 6,40,000. அனெக்ஸில் வருட வாடகை 7,20,000; ஒரு மாதம் காலி, 50,000 திருத்தச் செலவு என்று கழித்தால் 6,10,000. கட்டியது போக மிஞ்சும் 15 இலட்சத்தின் வட்டி 1,20,000. மொத்தம் 7,30,000. வித்தியாசம் வருடம் 90,000 தான். அந்த 90,000 க்காக 65 இலட்சத்தை அவசரத்துக்கு எடுக்க முடியாத இடத்தில் பூட்டுகிறோம். நோய் வந்தால் அனெக்ஸின் ஒரு சுவரை மட்டும் விற்க முடியாது.

## யாருக்கு எது

அரசாங்கப் பென்சன் உள்ளவர், கையில் உறுதிக் காணி இருந்தால் அனெக்ஸ் கட்டலாம். மாதச் செலவுக்குப் பென்சன் இருக்கிறது, காசு பூட்டுப்பட்டாலும் அடுப்பு எரியும், வாடகைக்கும் வரி இல்லை.

பென்சன் இல்லாத தனியார் துறைக்காரருக்கு, அதிலும் வேறு வருமானமோ வெளிநாட்டில் பிள்ளைகளோ இல்லாதவருக்கு, நான் வைப்பைத்தான் சொல்வேன். இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்து, கணவன் மனைவி இருவர் பேரிலும், படிவம் கொடுத்து. விலைவாசிக்கு எதிராக ஒரு பகுதியை, கால் பங்குக்கு மேல் போகாமல், வீட்டில் போடலாம்.

விடுதி, 50 வயதுக்குள் வேலையை விட்டவருக்கும், அந்தத் தொழிலை ஏற்கெனவே கையால் செய்து பார்த்தவருக்கும். இரண்டு சீசன் முழுதாகப் போனாலும் சாப்பிட வேறு வழி இருக்க வேண்டும். ஓய்வுக் காசு முழுவதையும் கொண்டு முதன்முதலாகத் தொழில் தொடங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஐயா கடைசியில் 60 இலட்சத்தை இரண்டு வங்கிகளில் தன் பேரிலும் மனைவி பேரிலும் போட்டார். மிச்சம் 20 இலட்சத்தில் பின்வளவில் புதிதாகக் கட்டாமல், வீட்டின் மேற்குப் பக்கத்து இரண்டு அறைகளைத் திருத்தி, தனி வாசலும் குளியலறையும் வைத்து ஓர் அனெக்ஸ் ஆக்கியிருக்கிறார். மாகாணசபையில் வேலை செய்யும் பிள்ளை ஒருவர் குடிவந்திருக்கிறார். மச்சானுக்குச் சீசனில் வரவேற்பு மேசையில் இருந்து உதவுகிறார், பங்கு இல்லாமல். சித்திரை பிறக்கும் முன்பே இரண்டு பேரின் டின் நம்பரையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து, "பிள்ளை, அந்தப் படிவம் நாலு தா" என்று வாசலில் நின்றார்.